கொம்பையாவின் முடி கடைக்கு வந்தது

கொம்பையாவின் தலைமுடி ஏழு வருஷமாகத் தரையில் ஊர்ந்து ஊர்ந்து கருவேலநேரி சலூனின் முதல் படியைத் தொட்ட அன்றைக்கு, சலூன்காரன் இசக்கிமுத்து உள்ளே ஒருத்தருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தான். வந்துவிட்டது. சரி என்று திரும்பி அடுத்த பக்கத்துக் கிருதாவையும் ஒதுக்கினான். ஒரு பக்கத்தை மட்டும் ஒதுக்கி அனுப்பினால் எந்த மனுஷன் சும்மா போவான்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முழம் என்று அது வந்துகொண்டே இருந்தது எல்லாருக்கும் தெரியும். காலனியில் கொம்பையாவின் வீட்டு வாசலில் கிளம்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ஓடைப் பாலத்தில் ஏறி இறங்கி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், அம்மன் கோயில், பஸ் நிறுத்தம் என்று எல்லாவற்றையும் தாண்டி, எந்தச் சந்திலும் திரும்பாமல், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, கை தண்டிக்கு ஒரு நரைத்த பின்னலாக அது சலூனைப் பார்த்தே வந்தது. ஏன் அப்படி வளர்ந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் இந்தக் கதைக்கு அது வேண்டியதில்லை. எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கும்போது, இருபத்தொன்பது வயது கொம்பையா சலூன் வாசலில் வந்து நின்று முடி வெட்டணும் என்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக்காரர் யாரும் அதுவரைக்கும் அந்த வாசலில் நின்றதில்லை, பஸ் ஏறி டவுனுக்குப் போய்த்தான் வெட்டிக்கொள்வார்கள், கேட்டால் வழக்கம் என்பார்கள். கடையில் இருந்தது இசக்கியின் அப்பா நம்பிராஜன், அப்போது அவனுக்கும் சின்ன வயசு. நாற்காலியில் ஊர்க்காரர் ஒருத்தர் நுரை பூசிய கன்னத்தோடு உட்கார்ந்திருக்க, கையில் கத்தி இருக்க, கதவு பப்பரப்பா என்று திறந்திருக்க, நம்பிராஜன் சொன்னான்: “கடை சாத்தியாச்சு.”

கொம்பையா கடையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். “எப்பத் திறப்பீரு?”

“தெரியாது.”

“அப்ப அடுத்த புதன் வாரேன்.”

வெட்டாத தலையோடு தாலி கட்டினார். அடுத்த புதனும் வந்தார், அதற்கடுத்த புதனும் வந்தார், வெட்டினால் இந்த நாற்காலியில்தான் வெட்டுவேன் என்று சொல்லிவிட்டார். பத்து மணி ஆனால் நம்பிராஜன் சட்டரை இறக்குவான், கொம்பையா கால் மணி நேரம் நிற்பார், போவார், சட்டர் ஏறும். ஊரில் புதன்கிழமை சட்டர் சத்தம் கேட்டால் பத்து ஆகிவிட்டது என்று உலையில் அரிசி போடுவார்கள். மில் சங்கு மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் அந்த மனுஷன் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைத்துச் சோறு போட்டதை நிறுத்தினார், ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் பிணம் தூக்கிப் போனவர்களுக்குப் பாலம் வாங்கிக் கொடுத்தார், செருப்பைக் கையில் தூக்கிப் போன தெருவில் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு நடந்து நாலு பல்லை விட்டார், அறுபது ஊருக்கு நடந்தே போய் மனு எழுதினார், பதினேழு தடவை ஜெயிலுக்குப் போனார், பெண்டாட்டி செத்த அன்றைக்குக்கூட உள்ளேதான் இருந்தார், எல்லாம் வாங்கினார், ஒரு நாற்காலி மட்டும் வாங்க முடியவில்லை. ஒரு தாசில்தார் ஆபீஸிலேயே டவுன் சலூன்காரனை வரவழைத்து இங்கேயே வெட்டிக்கோங்க என்றார். இன்னொரு அதிகாரி காலனிக்கு என்று தனியாக ஒரு சலூன் கட்டி, உள்ளே குஷன் வைத்த நாற்காலி போட்டுத் திறந்தார். கொம்பையா ரெண்டுக்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அந்தச் சலூனில் இப்போது ஆடு கட்டியிருக்கிறார்கள், ஆட்டுக்கு அந்தக் குஷன் ரொம்பப் பிடிக்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் சமாதானக் கூட்டம் என்று ஒன்று போட்டார்கள். ‘எங்கள் ஊரில் எந்தப் பாகுபாடும் இல்லை’ என்று ஒரு தாள். இருபத்தி ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள், நம்பிராஜனும் போட்டான். மை காய்வதற்குள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த கொம்பையாவின் கொண்டை தானாக அவிழ்ந்தது, முடி முதுகில் இறங்கி, காலில் இறங்கி, தரையைத் தொட்டது. மறுநாள் ஒரு முழம். அதற்கு மறுநாள் இன்னொரு முழம்.

அப்போது இசக்கிக்குப் பன்னிரண்டு வயசு. அவன் வளர்ந்ததும் முடி வளர்ந்ததும் ஒரே நேரம். ஏழாவது படிக்கும்போது முடி தண்ணீர்த் தொட்டியில் இருந்தது, ஒன்பதாவதில் பாலத்தில், பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டு வந்தபோது பள்ளிக்கூட வாசலில். அவன் வெளியே வந்தான், அது அந்தப் பக்கமாகப் போனது, ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஊருக்குள் போனார்கள்.

காலனி முதலில் பழகியது. கொம்பையாவின் அண்ணன் மகள் செல்லக்கனி தலைமையில் பெண்கள் முறை வைத்து எண்ணெய் தேய்த்துப் பின்னினார்கள். அதில் துணி காயப்போட்டார்கள், சின்னப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டே வழி தவறாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பேப்பர்காரர்கள் வந்தார்கள், அவர்கள் வந்ததால் அதிகாரிகள் வந்தார்கள், அதிகாரிகள் வந்ததால் தெருவிளக்கு வந்தது, முடியைப் பார்க்க வெளியூர் ஆட்கள் இறங்குகிறார்கள் என்று பஸ் காலனியிலும் நின்றது. முப்பது வருஷ மனுவுக்கு நிற்காத பஸ்.

ஊர் பழகுவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. முடி பாலத்தைத் தாண்டி வந்தபோது, இதை மிதிக்கலாமா, தாண்டலாமா, தொட்டால் குளிக்கணுமா என்று மூணு நாள் பேசினார்கள். கடைசியில் ஊர்த்தலைவர் லெட்சுமணப்பெருமாள், பெருமாள் அண்ணாச்சி என்றால்தான் தெரியும், தீர்ப்புச் சொன்னார்: தலையில் இருந்து விழுந்தால் அது முடி, தலையோடு இருந்தால் அது ஆள். அப்படியென்றால் ரேஷன் கடை வாசலில் கிடப்பது யார்? கொம்பையா. பஸ் நிறுத்தத்தில்? கொம்பையா. அம்மன் கோயில் நடைக்கு முன்னால்? அங்கேயும் அவர்தான், இருபத்திநாலு மணி நேரமும். கோயிலை இழுத்துச் சாத்தினார்கள். எத்தனை நாள் சாத்துவது, முடி போவதாக இல்லை, வடக்குச் சுவரை இடித்து ஒரு வாசல் வைத்தார்கள். இப்போது சின்னப் பிள்ளைகள் அதுதான் ஆதியில் இருந்தே வாசல் என்று நினைக்கின்றன. தெருவில் பலகை போட்டுத் தாண்டினார்கள், பிறகு பலகையை யார் தூக்குவது என்று சேலையைத் தூக்கித் தாண்டினார்கள், பிறகு யாரும் கவனிக்கவில்லை. வழி கேட்டால், “முடியைத் தாண்டி இடது பக்கம் மூணாவது வீடு” என்றார்கள்.

நம்பிராஜனுக்குக் கை நடுக்கம் வந்ததால் போன வருஷம் கடை இசக்கியிடம் வந்தது. கட்டடம் ஊருக்குச் சொந்தம், நாற்காலியும் கண்ணாடியும் மட்டும் இவர்களுடையது. நாற்காலியில் உட்காருகிற எல்லாரும் அண்ணாச்சிதான், அதை அப்பா முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். கொம்பையாவை எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரில் பொடியன்கூட ஏ கொம்பையா என்பான். இசக்கிக்கு அப்படி வாய் வரவில்லை, வேறு மாதிரிக் கூப்பிடவும் வரவில்லை, அதனால் எதுவும் கூப்பிட்டதில்லை. கழுத்துப் பாரத்தில் கொம்பையா ஏழு வருஷமாகக் கடைப் பக்கமே வரவில்லை. ஆனாலும் புதன்கிழமை பத்து மணிக்கு இசக்கி சட்டரை இறக்கினான். யாருக்காக என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அரிசி போடணுமே.

முடி முதல் படியைத் தொட்டதும் ஊரார் வந்து படியை உயர்த்தினார்கள், மூணு படி ஆறு படியானது. ஆறு நாளில் ஏறிவிட்டது. பெரிசுகள் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முனை வாசல் நிலையைத் தாண்டி ஒரு சாண் உள்ளே வந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம். இசக்கி பதினொரு தலையை வெட்டினான், பெருமாள் அண்ணாச்சியின் தலையும் அதில் ஒன்று. மத்தியானம் குனிந்து தரையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது ஒரு முடி முனை, நுனி பிளந்து, சிக்குப் பிடித்து. பிளந்த முனையைப் பார்த்தால் சலூன்காரன் கை என்ன செய்யும்? இடுப்பில் இருந்த கத்தரியை எடுத்து ரெண்டு விரக்கடை, அதாவது ரெண்டு விரல் அகலம், நறுக்கிவிட்டது. கைதான் செய்தது. தலை கேட்டுக்கொள்ளவே இல்லை. அதையும் சேர்த்துக் கூட்டிக் குப்பைக் கூடையில் போட்ட பிறகுதான் இசக்கி நிமிர்ந்தான், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே நேரம் காலனியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொம்பையா தலையில் கையை வைத்துக்கொண்டு, “யாரோ வெட்டுனாங்க” என்றாராம்.

சாயங்காலம் ஊர் கூடியது. இது முடி வெட்டினதா இல்லையா? வெட்டினது என்றால் நாற்பத்தொரு வருஷ வழக்கம் போச்சு. வெட்டவில்லை என்றால் அந்த ரெண்டு விரக்கடை எங்கே இருக்கிறது? கூடையில். யாருடைய முடியோடு? நம்ம முடியோடு. இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். தெருவில் கிடந்தால் தாண்டலாம், கோயிலில் கிடந்தால் வேறு வாசல் வைக்கலாம், கூடைக்குள் கலந்ததை என்ன செய்வது?

பெருமாள் அண்ணாச்சி கோபப்படுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். “ஏலே இசக்கி, நீ வேணும்னு செய்யல. சின்னப் பய. அந்த ரெண்டு விரக்கடைய மட்டும் பொறுக்கி எடுத்து என்கிட்டக் காட்டிட்டு ஓடையில போட்டிரு. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் நேரம்.”

“பொறுக்க முடியலன்னா?”

“சாவியக் கொண்டாந்து குடுத்திரு. வேற ஆளு பாப்போம்.”

திங்கட்கிழமை முழுக்க அப்பாவும் மகனும் கூடையைத் தரையில் கவிழ்த்துப் போட்டுப் பொறுக்கினார்கள். கருப்பு ஒரு பக்கம், செம்பட்டை ஒரு பக்கம், நரை ஒரு பக்கம். நரைதான் பிரச்சனை. தலைக்கு மை போடுகிறவர்களின் முடி மேலே கருப்பு, அடியில் நரை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள், விரலில் உருட்டிப் பார்த்தார்கள், நம்பிராஜன் மோந்துகூடப் பார்த்தான். சாயங்காலம் அவன் ஒரு கொத்தை எடுத்து நீட்டினான்.

“மக்கா, இதான்.”

“அது பெருமாள் அண்ணாச்சியோடது.”

“எப்படிச் சொல்லுத?”

“எது யாரோடதுன்னு சொல்ல முடியல. அதான் சொல்லுதேன்.”

“எதுவா இருந்தா என்னல. இதக் கொண்டு குடு, அவரு ஓடையில போடச் சொல்லுவாரு, போட்டுட்டு வா. கடை முக்கியம்.”

அப்பா சொன்னது சரிதான். இசக்கி அந்தக் கொத்தைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஆனால் கொண்டு போய்க் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? பயமா என்றால் பயம் இல்லை, நேர்மையா என்றால் அதெல்லாம் பெரிய வார்த்தை. ஒரு நாள் முழுக்கப் பதினொரு தலையின் முடியைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது, எதைப் பார்த்தாலும் முடியாகத் தெரிந்தது, யாருடையது என்று மட்டும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. இசக்கி முடியைப் பிடித்துக்கொண்டே நடந்து காலனிக்குப் போனான். ஒரிஜினல் கையில் இருந்தால் ஒத்துப் பார்க்கலாம், அதுதான் அவன் யோசனை. பாலத்தைத் தாண்டினதும் செல்லக்கனி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் எண்ணெய்க் கிண்ணம்.

“நீதான் வெட்டுனவனா?”

“தெரியாம வெட்டிட்டேன், அக்கா.”

“தெரிஞ்சு வெட்டச் சொன்னப்ப வெட்டல. இப்பத் தெரியாம வெட்டுதானாம். உங்க வீட்டுல எல்லாமே பிந்தித்தான் நடக்குமோ?” அவள் குரலை இறக்கினாள். “இங்க பாரு தம்பி. சித்தப்பா முடிய யாரும் வெட்டக் கூடாது. இந்த முடி வந்த பிறகுதான் பஸ்ஸு நிக்குது, லைட்டு எரியுது, எம்மவ பயமில்லாம பள்ளிக்கூடம் போறா. வெட்டிட்டா நாளைக்கு எவன் எட்டிப் பாப்பான்?”

இசக்கிக்குத் தலை சுற்றியது. ஊரில் வெட்டாதே என்கிறார்கள். காலனியிலும் வெட்டாதே என்கிறார்கள். அப்படியென்றால் வெட்டணும் என்று சொல்லுகிறவன் யார்?

கொம்பையா வாசலில் பனைநார்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், படுக்க முடியாது, படுத்தால் பின்னல் கழுத்தைப் பின்னால் இழுக்கும். எழுபது வயசு. இவ்வளவு பெரிய முடிக்கு ஆள் இவ்வளவுதானா என்று இருந்தது. இசக்கி எதுவும் கூப்பிடாமல் எதிரே போய் நின்றான், தாளைப் பிரித்துக் காட்டினான்.

“இது உங்களோடதா?”

கொம்பையா வாங்கிப் பார்த்தார். சிரித்தார், நாலு பல் இல்லாத இடம் தெரிந்தது. “எனக்கு எப்படித் தெரியும் தம்பி. என் பின்னால வளருது, நான் எங்க பார்த்தேன்.” திருப்பிக் கொடுத்தார். “குடுத்திரு. அவுகளுக்கு ரெண்டு விரக்கடை வேணும்னா குடுத்திரு. அதுல நான் வெட்டிக்கிட்டதா ஆகாது. நான் சேர்ல உக்காரலயே.”

“அக்கா வெட்டவே கூடாதுங்கிறாங்க.”

“அவ சொல்லுததும் சரிதான்.” கழுத்தைத் தடவிக்கொண்டார். “எனக்குக் கழுத்து வலிக்குப்பா. அதுவும் சரிதான்.”

“சித்தப்பா, நீங்க சும்மா இருங்க” என்றாள் செல்லக்கனி.

“நாப்பத்தொரு வருஷமா சும்மா இருக்கச் சொல்லுதாக, பாத்தியா, இப்ப இவளும் சேந்துக்கிட்டா.” அவர் இசக்கியின் பக்கம் திரும்பினார். “நாளைக்குப் புதன்தான?”

“ஆமா.”

“கடை உண்டா?”

எளிதான கேள்வி. உண்டு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்லலாம். இசக்கி ரெண்டையும் சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான், எதற்குத் திட்டுகிறோம் என்றுதான் பிடிபடவில்லை.

புதன்கிழமை ஒன்பதரைக்கே பெருமாள் அண்ணாச்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் வெட்டினார், இன்றைக்குச் சேவிங்காம். பெஞ்சில் நாலு ஊர்க்காரர்கள், வெட்டிக்கொள்ள இல்லை, பார்க்க. நம்பிராஜன் சட்டருக்குப் பக்கத்தில் நின்றான். இசக்கி நுரையைப் பூசி ஒரு கன்னத்தை வழித்து முடித்தபோது தெருவில் சத்தம் கேட்டது.

கொம்பையா வந்துகொண்டிருந்தார். முடி வந்த வழியாகவே, முடியைப் பார்த்துக்கொண்டே, அவர் நடக்க நடக்கக் காலனிப் பெண்கள் பின்னலைத் தேர்வடம் மாதிரிச் சுருட்டிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்கள். செல்லக்கனிதான் முன்னால். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவள்தான் அதிகமாகச் சுமந்தாள். ரேஷன் கடை காலியானது, பஸ் நிறுத்தம் காலியானது, ஏழு வருஷமாகக் கோயில் நடையில் நின்ற கொம்பையா நடையை விட்டுக் கிளம்பினார், ஊர்க்காரப் பெண்கள் வழக்கம் போலச் சேலையைத் தூக்கித் தாண்டினார்கள், தாண்ட எதுவும் இல்லை.

“மணி பத்து. சட்டரப் போடுல” என்றார் பெருமாள் அண்ணாச்சி.

“சேவிங் பாதியில இருக்கு அண்ணாச்சி. வெளிச்சம் வேணும்.”

அது உண்மை. அதற்காகத்தான் சொன்னான் என்று சத்தியம் செய்ய முடியுமா என்றால் முடியாது.

“நம்பிராஜா, நீ போடு.”

நம்பிராஜன் இழுத்தான். நாற்பத்தொரு வருஷப் பழக்கம், நடுக்கமெல்லாம் இல்லை, கை தானாக இழுத்தது. சட்டர் கடகட என்று இறங்கி, நிலையில் கிடந்த பின்னல் மேல் உட்கார்ந்து, ஒரு சாண் இடைவெளியோடு நின்றுவிட்டது. தெருவில் கொம்பையா, “ஆ” என்றார். பெரிய சத்தம் இல்லை. கதவிடுக்கில் விரல் மாட்டினால் நாம் எல்லாரும் சொல்லுவோமே, அந்த மாதிரி.

நம்பிராஜன் சட்டரைத் தூக்கினான். தூக்கினவன் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகாமல் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றான், கை நடுங்கியது, சட்டரும் சேர்ந்து நடுங்கியது, கொம்பையா ஆறு படியையும் ஏறி அதற்கு அடியில் குனிந்து உள்ளே வருகிற வரைக்கும் பிடித்திருந்தான்.

கொம்பையா பெஞ்சைப் பார்த்தார். நாலு பேரும் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். அவர் உட்கார்ந்தார். “அவருக்கு முடியட்டும். நான் இருக்கேன்.”

இசக்கி அடுத்த கன்னத்தையும் வழித்தான். படிகாரம் தேய்த்தான், துண்டால் துடைத்தான். “முடிஞ்சிது அண்ணாச்சி.”

பெருமாள் அண்ணாச்சி எழவில்லை. கண்ணாடியில் பெஞ்சைப் பார்த்தார். “இன்னொரு தடவ வழி.”

வழித்தான்.

“மீசையக் கொஞ்சம் ஒதுக்கு.”

ஒதுக்கினான்.

“இந்தப் பக்கம் ஏத்தமா இருக்கு.”

இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று மீசை ஒரு கோடாகி, கோடு புள்ளியாகி, புள்ளியும் போனது. மூக்கு முடி என்றார், எடுத்தான். காது முடி என்றார், எடுத்தான். புருவம் அடர்த்தி என்றார். தலையை மிஷினில் ஒட்ட எடு என்றார், எடுத்த பிறகு கத்தியில் மழி என்றார். மணி பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. வாசலில் ஊரும் காலனியும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக எட்டிப் பார்த்தன, யார் தோளில் யார் கை இருந்தது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. எத்தனையோ வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை, சட்டர் சத்தம் பாதியில் நின்றதால் பத்து ஆனதா இல்லையா என்று பெண்களுக்குக் குழப்பம். கொம்பையா பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கினவர் மாதிரிப் பொறுமையாக இருந்தார்.

இசக்கி கத்தியை வைத்தான். நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தான். பெருமாள் அண்ணாச்சியின் தலை, முகம், கழுத்து எல்லாம் சோப்பு மாதிரி வழவழ என்று இருந்தது, புதிதாகப் பிறந்த பிள்ளை முகம், யார் பிள்ளை என்றே சொல்ல முடியாது.

“அண்ணாச்சி,” என்றான், “உங்ககிட்ட இனிமே வெட்டுததுக்கு ஒண்ணும் இல்ல.”

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். பெருமாள் அண்ணாச்சி கண்ணாடியைப் பார்த்தார். மீசையைத் தடவப் போன கை, மீசை இல்லாத இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு எழுந்தார். இசக்கி பையில் இருந்த தாளை எடுத்து நீட்டினான்.

“இது என்னது?”

“நீங்க கேட்ட ரெண்டு விரக்கடை. அதுவா இருக்கலாம். உங்களோடதாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல.”

அவர் வாங்கவில்லை. “ஏழு மணி” என்று மட்டும் சொன்னார். படி இறங்கினார், கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் யார் என்று அடையாளம் தெரியாமல் வழி விடவே இல்லை, முழங்கையால் இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

இசக்கி நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினான். “அடுத்து யாரு?”

இது ஒவ்வொரு தலைக்கும் அப்புறம் அவன் சொல்லுகிறதுதான். கொம்பையா எழுந்து வந்து உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை, அந்த நாற்காலி அவ்வளவு உயரம் என்று நாற்பத்தொரு வருஷமாக அவருக்குத் தெரியாது. செல்லக்கனி பின்னலைத் தோளில் இருந்து இறக்காமலே நின்றாள், அவள் முகம் அழுகிற மாதிரியும் இருந்தது, அடிக்க வருகிற மாதிரியும் இருந்தது. நம்பிராஜன் இன்னும் சட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இசக்கி வெள்ளைத் துணியை உதறிப் போர்த்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டான். கத்தரியையும் சீப்பையும் எடுத்தான். குனிந்தான்.

“அண்ணாச்சி, எப்படி வெட்டணும்?”

கொம்பையா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார், கண்ணாடியில் இருந்த கிழவரும் அவரையே பார்த்தார். நாற்பத்தொரு வருஷத்தில் கலெக்டர் கேட்டிருக்கிறார், போலீஸ் கேட்டிருக்கிறது, ஜட்ஜ் கேட்டிருக்கிறார், எங்கே வெட்டணும், எதுக்கு வெட்டணும், ஏன் இங்கேதான் வெட்டணும், எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது, எழுதியே வைத்திருந்தார். இதை யாரும் கேட்டதில்லை. ஒட்ட வெட்டணுமா, பின்னால் ஏற்றி வெட்டணுமா, வகிடு எந்தப் பக்கம். அவர் திரும்பிச் செல்லக்கனியைப் பார்த்தார், அவள் உதட்டைப் பிதுக்கினாள். வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார், கூட்டம் தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டது.

“தம்பி,” என்றார் கடைசியில், “அத நான் யோசிக்கவே இல்லையே.”

“யோசிங்க அண்ணாச்சி” என்றான் இசக்கி. “அவசரம் ஒண்ணும் இல்ல. ஏழு மணிக்குத்தான் சாவி குடுக்கணும்.”